கப்புக்குள் இருக்கும் கை



போன மாதம் நம் பள்ளியில் "சிறந்தது கைத்தொழிலா, ஆலைத்தொழிலா?" என்று பட்டிமன்றம் நடந்ததே, ஞாபகம் இருக்கா? நான் கைத்தொழில் அணி. "குயவர் செய்த பானையில் அவர் விரல் ரேகை இருக்கு. ஆலையில் வர்ற பீங்கான் கப்பில் யார் கை இருக்கு?" என்று மேஜையைத் தட்டிக் கேட்டேன். நல்ல கைதட்டல்! இறங்கி வந்ததும் ஓவிய ஆசிரியர் கூப்பிட்டு, "நல்லாப் பேசினே. ஈவா சைசல் பத்திப் படிச்சுட்டு மறுபடி யோசி" என்றார். படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஈவா சைசல் 1906-இல் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். முதலில் ஓவியம் படித்தார். அதை விட்டுவிட்டு ஒரு குயவரிடம் தொழில் பழகப் போனார். அங்கே குயவர்களுக்கும், புகைபோக்கி சுத்தம் செய்பவர்களுக்கும், அடுப்புக் கட்டுபவர்களுக்கும், ஓடு வேய்பவர்களுக்கும், கிணறு தோண்டுபவர்களுக்கும் சேர்த்து ஒரே சங்கம். அதில் கைவினைஞர் தகுதி பெற்ற முதல் பெண் இவர்தான்!

1928-இல் ஜெர்மனியில் ஷ்ராம்பெர்க் என்ற ஊரில் ஒரு பீங்கான் ஆலையில் வடிவமைப்பாளராகச் சேர்ந்தார். இங்கேதான் விஷயமே ஆரம்பிக்குது. சக்கரத்தில் செய்யும்போது பிடிக்கலேன்னா உடனே அழுத்தித் திருத்தலாம். ஆலையில் அது நடக்காது. ஏன்?

ஆலையில் முதலில் ஒரு மாதிரி செய்வார்கள். அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றினால் பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அச்சின் உட்சுவரில் மண் படியும். வேண்டிய கனம் வந்ததும் மீதிக் குழம்பைக் கவிழ்த்து விடுவார்கள். காய்ந்து சூளையில் வேகும்போது பீங்கான் நன்றாகவே சுருங்கும். அதனால் மாதிரியைப் பெரிதாகச் செய்யணும். வளைவு சரியில்லை என்றால் சூளையில் கோணிவிடும். மாதிரியில் ஒரு தப்பு என்றால் ஆயிரம் கப்பிலும் அதே தப்பு! மண்ணின் குணம் தெரிந்த கைதான் அந்த மாதிரியைச் சரியாகச் செய்ய முடியும்.

1932-இல் அவர் சோவியத் நாட்டுக்குப் போனார். 29 வயதிலேயே ருஷ்யக் குடியரசின் பீங்கான், கண்ணாடித் தொழிலுக்குக் கலை இயக்குநர் ஆனார். ஆனால் 1936-இல் ஸ்டாலினைக் கொல்லச் சதி செய்தார் என்று பொய்யாகக் குற்றம் சாட்டிச் சிறையில் அடைத்தார்கள். 16 மாதம் சிறை. அதில் பெரும்பகுதி தனிமைச் சிறை. விடுதலையாகி வியன்னா வந்தால், 1938-இல் அங்கே நாஜிகள் நுழைந்துவிட்டார்கள். யூதரான அவர் தப்பித்து, இங்கிலாந்து வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

இவ்வளவு பட்டவர் அப்புறம் செய்த பாத்திரங்களைப் பாருங்கள்! 1940-களில் 'டவுன் அண்ட் கன்ட்ரி' என்ற வரிசையில் ஓர் உப்புக் குப்பியும் மிளகுக் குப்பியும் செய்தார். பெரியது சின்னதை அணைத்துக்கொண்டு நிற்கும், அம்மாவும் பிள்ளையும் மாதிரி. அதுவும் ஆலையில் வந்ததுதான்! 1946-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய வெள்ளைப் பீங்கான் பாத்திரங்களைக் காட்சிக்கு வைத்தது. அங்கே தனிக் கண்காட்சி கண்ட முதல் பெண் வடிவமைப்பாளர் அவர். பிராட் கல்லூரியில் மாணவர்களுக்கு, ஆலை உற்பத்திக்காகப் பீங்கான் வடிவமைக்கவும் கற்றுக் கொடுத்தார்.

வயதான பிறகு கண் பார்வை மங்கியது. அப்போதும் விடவில்லை. உதவியாளர்கள் செய்து தரும் மாதிரியைக் கையால் தடவிப் பார்த்தே வளைவைத் திருத்தினார். 2011-இல், 105-ஆவது வயதில் காலமானார்.

நண்பர்களே, பட்டிமன்றத்தில் நான் பேசியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். குயவரின் ஒவ்வொரு பானையும் தனித்தனி. அந்தப் பெருமை ஆலைக்கு வராது. ஆனால் ஆலைக் கப்பில் கையே இல்லை என்றது தப்பு. இன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது கப்பின் பிடியைக் கவனியுங்கள். உங்கள் விரல் அங்கே சுகமாக உட்கார்ந்தால், அதை யாரோ ஒருவர் தன் கையில் பிடித்துப் பார்த்துச் செய்திருக்கிறார் என்று அர்த்தம்!

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி