தொட்டித் தண்ணீரும் பிலிம் ரோலும்

கத்திரி வெயில் நாளில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மொட்டைமாடி. அதன்மேல் கறுப்பு நிறச் சின்டெக்ஸ் தொட்டி. மதியம் 2 மணிக்குக் குளியலறைக் குழாயைத் திறந்து வெப்பமானியை நீட்டினால் 38 டிகிரி காட்டும். அந்தத் தண்ணீரில் குளிக்க முடியாது. ஆனால் கலர் பிலிம் ரோலை வீட்டிலேயே கழுவிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு அது வெயில் தரும் இலவசம். கலர் நெகட்டிவ் கழுவ உலகமெங்கும் பின்பற்றப்படும் முறைக்குச் சி-41 என்று பெயர். அதில் டெவலப்பர் இருக்க வேண்டிய வெப்பம் 37.8 டிகிரி செல்சியஸ்.

கறுப்பு வெள்ளை ரோலுக்கு எழுதப்பட்டிருப்பதோ 20 டிகிரி. அதே குழாயிலிருந்து 20 டிகிரித் தண்ணீர் வேண்டுமென்றால் மீன் மார்க்கெட் பக்கம் போய் ஐஸ் கட்டி வாங்கி வர வேண்டும்.

பழைய கேமராவைத் தூசு தட்டி எடுக்கும் இளைஞர்கள் இன்று மறுபடி அதிகமாகியிருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவிக்கொள், கலரை லேபுக்கு அனுப்பிவிடு என்பதுதான். இது குளிர்நாட்டுப் புத்தகங்களிலிருந்து வந்த அறிவுரை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இதை அப்படியே கொண்டுவர முடியாது. இந்தக் கரையில் எந்த பிலிமை வாங்குவது என்ற கேள்வி, என்ன படம் எடுக்கப்போகிறோம் என்பதோடு முடிவதில்லை. எந்த மாதத்தில் கழுவப்போகிறோம் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

காரணம் பிலிமின் உடம்பிலேயே இருக்கிறது. பிளாஸ்டிக் பட்டைமேல் ஜெலட்டின் பூச்சு, அதற்குள் வெள்ளி உப்புத் துகள்கள். மாட்டெலும்பும் தோலும் தந்த அந்த ஜெலட்டின் தண்ணீரில் ஊறிப் பருக்கும், சூடு ஏற ஏற இளகும். ஒளிபட்ட வெள்ளி உப்பை டெவலப்பர் கறுத்த உலோக வெள்ளியாக மாற்றுகிறது. ஒளிபடாத மிச்ச உப்பைக் கரைத்து வெளியேற்றுவது ஹைப்போ என்னும் ஃபிக்ஸர். வெள்ளி உப்பு ஹைப்போவில் கரையும் என்று ஜான் ஹெர்ஷல் கண்டது 1819-ல். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது அதற்கு 20 ஆண்டு கழித்து, 1839-ல். பூட்டு செய்யும் முன்பே சாவி தயாராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கறுப்பு வெள்ளையில் கதை இத்தோடு முடிகிறது. கடைசியில் நெகட்டிவில் நிற்பது வெள்ளி. கலரில் இன்னொரு அங்கம் உண்டு. நீலம், பச்சை, சிவப்பு ஆகிய மூன்று ஒளிக்கும் தனித்தனி அடுக்கு. வெள்ளி உருவாகும் இடத்திலெல்லாம் கூடவே மஞ்சள், மெஜந்தா, சியான் சாயங்கள் பிறக்கின்றன. பிறகு பிளீச்சும் ஃபிக்ஸரும் சேர்ந்து வெள்ளி முழுவதையும் துடைத்து எடுத்துவிடும். கலர் நெகட்டிவில் மிஞ்சுவது வெறும் சாயம். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அலமாரி ஆல்பத்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

முதலில் பிலிம் வாங்குவதைப் பார்ப்போம். டப்பாவில் 100, 200, 400, 800 என்று இருக்கும் எண்ணைப் பழைய ஸ்டுடியோக்காரர்கள் ஏ.எஸ்.ஏ. என்பார்கள், இன்று ஐ.எஸ்.ஓ. எண் கூடினால் குறைந்த வெளிச்சத்திலும் படம் விழும், கூடவே படத்தில் மணல் தூவியதுபோல் துகள் தெரியும். கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் காலை 9 மணிக்கு 400 பிலிமோடு போனால், மிச்சமிருக்கும் வேலை வெளிச்சத்தை அடைப்பது மட்டும்தான். அங்கே 100 அல்லது 200 போதும். வெயிலுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: துளை எஃப்-16-ல் இருக்கட்டும், ஷட்டர் வேகம் பிலிமின் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். 100 பிலிமுக்கு நொடியில் 125-ல் ஒரு பங்கு. மீட்டர் கெட்டுப்போன கேமராவோடு கடற்கரைக்குப் போகிறவருக்கு இந்த ஒரு வரி போதும்.

சிதம்பரத்தில் விஷயம் இவ்வளவு எளிதல்ல. நடராஜருக்கு ஆண்டில் இரண்டு முறை தேர், ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும். அதே நான்கு வீதி, அதே தேர். பிலிமுக்கு மட்டும் அவை இரண்டு வேறு ஊர்கள். சிதம்பரம் நிலநடுக்கோட்டிலிருந்து 11.4 டிகிரி வடக்கே இருக்கிறது. ஆனி மாத உச்சிவேளையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கும். வடம் பிடிப்பவர்களின் கண்குழியில் கரிய நிழல் விழும், வெள்ளை வேட்டி கண்ணைப் பறிக்கும். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கும்போது கலர் நெகட்டிவ்தான் பெருந்தன்மையாக நடந்துகொள்ளும். இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு ஒளி வாங்கினாலும் அது பெரும்பாலும் தாங்கும். நெகட்டிவ் இல்லாமல் நேரே படமாகவே வரும் ஸ்லைடு பிலிம் அரை ஸ்டாப்புக்கே முகம் சுளிக்கும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து, பனியும் மேகமும் சேர்ந்து ஒளியைச் சலித்து அனுப்பும். அந்த நாளுக்கு 400 கறுப்பு வெள்ளை என்பது என் கட்சி. கலர்க்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

சிதம்பரம் கோயில் கோபுரங்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளியே சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் பூசியிருக்கிறார்கள். அதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பச்சையும் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலாகி, யார் தோள் எது, யார் கை எது என்று தெரியாமல் போகும். ஆரஞ்சு ஃபில்டர் மாட்டினால் பின்னாலுள்ள வானம் கறுத்து, சற்றுத் தேறும். ஆனால் கோபுர வாயிலுக்குள் நுழைந்து, இருபக்கச் சுவரிலும் கருங்கல்லில் நிற்கும் கரணச் சிற்பங்களைப் பாருங்கள். அங்கே வண்ணமும் இல்லை, வெளிச்சமும் குறைவு. கல்லின் விளிம்பில் பக்கவாட்டு ஒளி வழியும் இடம் அது. இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ் போன்ற 400 பிலிமை 1600 என்று நினைத்து எடுத்துவிட்டு, கூடுதல் தண்ணீர் சேர்க்காத ஐடி-11 டெவலப்பரில் ஏழரை நிமிடத்துக்குப் பதில் 14 நிமிடம் கழுவலாம். இதற்குப் புஷ் செய்வது என்று பெயர். நிழலில் விவரம் கொஞ்சம் போகும், கல்லின் முரட்டுத்தனம் கூடும். கருங்கல்லுக்கு அது நஷ்டமில்லை.

1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நடக்கும் நாட்டியாஞ்சலி நடன விழாவுக்குப் போகிறவர்கள் மேடை விளக்கைக் கணக்கில் எடுக்க வேண்டும். சாதாரணக் கலர் பிலிம் பகல் ஒளிக்காகச் செய்யப்பட்டது. பழைய மஞ்சள் விளக்கின்கீழ் அது ஆடுபவரையும் மேடையையும் மஞ்சளில் முக்கிவிடும். கறுப்பு வெள்ளைக்கு அந்த வம்பே இல்லை.

நம் தோல் நிறத்துக்கும் பிலிமுக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. கலர் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய மாதிரி அட்டையில் பல்லாண்டுக் காலம் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் முகமே இருந்தது. ஷெர்லி அட்டை என்பார்கள். அந்த முகத்துக்குச் சரியாக வருவதே சரியான நிறம் என்று உலகம் எடுத்துக்கொண்டது. மாநிறமும் கறுப்புமான முகங்களை எடுப்பவர் முகத்துக்கு நேரே மீட்டர் பார்த்து, ஒரு ஸ்டாப் தாராளமாகவே ஒளி கொடுப்பது நல்லது. நெகட்டிவ் பிலிம் தாங்கிக்கொள்ளும்.

இனி கழுவுவது. வெயில் இங்கே புகைப்படம் வந்த நாளிலிருந்தே தலைவலி. 1858-ல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்த லினியஸ் ட்ரைப் பெரும்பாலும் மெழுகு தடவிய காகித நெகட்டிவைத்தான் பயன்படுத்தினார். அப்போது ஜெலட்டின் பிலிமே பிறக்கவில்லை. அந்நாளின் ஈரக் கண்ணாடித் தகடு எடுத்த இடத்திலேயே உடனே கழுவச் சொல்லும், மெழுகுக் காகிதமோ காத்திருக்கும். வெயிலில் மாட்டுவண்டியில் போகிறவருக்குக் காத்திருக்கும் பொருள்தான் தேவை. பின்னாளில் ஜெலட்டின் பிலிம் வந்தபோது, வெப்ப நாடுகளுக்கென்றே கோடாக் டிகே-15 என்று ஒரு டெவலப்பர் சூத்திரம் வைத்திருந்தது. அதில் சேர்த்த சோடியம் சல்பேட் ஜெலட்டினை ஊத விடாமல் பிடித்துக்கொள்ளும். ஃபிக்ஸரில் பொட்டாஷ் ஆலம் சேர்ப்பதும் ஜெலட்டினை இறுக்கத்தான். அது வேறொன்றுமில்லை, சவரக் கடையில் வெட்டுக்காயத்தில் தேய்க்கிற படிகாரம்.

சொந்த நாட்டிலேயே பிலிம் செய்ய நினைத்தபோதும் அரசு மலைக்குத்தான் போனது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-ல் தொடங்கப்பட்டு 1967-ல் உற்பத்திக்கு வந்தது. குளிர்ச்சி, தூசு குறைந்த காற்று, நல்ல தண்ணீர் என்று பிலிம் கேட்கும் எல்லாமே அங்கே இருந்தன. அதன் கறுப்பு வெள்ளை ரோலுக்கு ‘இந்து’ என்று பெயர். நிலவு என்று பொருள். வெள்ளி பூசிய பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. ஆலையைச் சுற்றி எழுந்த ஊர் இன்றும் இந்து நகர்தான், ஆனால் ஆலை இயக்கம் நின்று பல ஆண்டாயிற்று. குளிரில் பிறந்த பிலிம் கடலூர் வெயிலில் கழுவப்பட்டது.

இப்போது சின்டெக்ஸ் தொட்டிக்கு வருவோம். கலருக்குத் தொட்டித் தண்ணீர் உதவும் என்றேனே, அதை நேராக டெவலப்பரில் கலப்பதற்கு அல்ல. சி-41 டெவலப்பரில் வெப்பம் கால் டிகிரிகூட விலகக் கூடாது, நேரம் 3 நிமிடம் 15 நொடி. மூன்று அடுக்கும் ஒரே வேகத்தில் வளர வேண்டும், ஒன்று முந்தினால் படம் முழுவதும் ஒரு நிறம் ஏறிவிடும். அதனால் மருந்துப் பாட்டில்களை ஒரு வாளித் தொட்டித் தண்ணீரில் நிறுத்தி வைக்கிறோம். அறையே 34 டிகிரி இருப்பதால் வாளி மெல்லத்தான் ஆறும். ஒரு சொம்பு வெந்நீர் பக்கத்தில் இருந்தால் போதும். குளிர்நாட்டுக்காரர் இந்த நிலைக்குக் கருவி வாங்குகிறார். பிளீச்சுக்கும் ஃபிக்ஸருக்கும் இவ்வளவு கறார் கிடையாது. சிரமமெல்லாம் மருந்து கிடைப்பதில்தான். கடலூர் மஞ்சக்குப்பத்துக் கடைகளில் தேடிப் பயனில்லை, தபாலில் வரவழைக்க வேண்டும், கரைத்து வைத்தால் சில வாரங்களில் வலு போய்விடும். ஆண்டுக்கு நான்கு ரோல் எடுப்பவர் பேசாமல் சென்னைக்கோ பெங்களூருக்கோ கூரியரில் அனுப்புவதே சிக்கனம்.

கறுப்பு வெள்ளை மருந்து அப்படியில்லை. டி-76 சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்தது: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். வெப்பம் முன்பின் ஆனாலும் நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டலாம். ஒவ்வொரு 3 டிகிரி ஏற்றத்துக்கும் நேரத்தில் கால் பங்கைக் கழிக்க வேண்டும். எச்.பி.5 பிளஸ் ரோலை, டி-76-ன் இரட்டையான ஐடி-11-ல் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் சேர்த்து 20 டிகிரியில் கழுவ 13 நிமிடம். 24 டிகிரியில் அது 9 நிமிடமாகும். 30 டிகிரியில் 5 நிமிடம்தான் தேறும், அங்கேதான் ஆபத்து. 5 நிமிடத்துக்குக் கீழே போனால் மருந்து ஊற்றும் வேகம்கூடப் படத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். இதற்கு ஐஸ் தேடி ஓட வேண்டாம். ஒன்றுக்கு மூன்று தண்ணீர் சேர்த்து நீர்க்க வைத்தால் 20 டிகிரிக்கு 20 நிமிடம் என்று கணக்கு மாறும், 30 டிகிரியிலும் ஏழெட்டு நிமிடம் கையில் நிற்கும். ஐஸ் கட்டியை டெவலப்பரில் போட்டுவிட்டு, கடைசி அலசலுக்கு வெந்துகிடக்கும் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நானும் செய்திருக்கிறேன். குளிர்ந்த ஜெலட்டின் திடீரெனச் சூடானால் வெடித்த வயல்போல் சுருக்கம் விழும். எல்லா மருந்தும் எல்லாத் தண்ணீரும் ஒரே வெப்பத்தில் இருந்தால், அந்த வெப்பம் 27 ஆனாலும் பாதகமில்லை.

பிலிமை ரீலில் சுற்றும் வேலையை இரவு 10 மணிக்கு மேல், விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, துடைத்த கையோடு செய்யுங்கள். கறுப்புத் துணிப்பைக்குள் கைவிட்டுச் சுற்றும் வழக்கம் இங்கே வேலைக்காகாது. இரண்டு நிமிடத்தில் பைக்குள் வியர்வை ஊறிப் பிலிம் ரீலில் ஒட்டிக்கொள்ளும். கடைசி அலசலுக்கு, காரில் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். கடலூர் முதுநகர்ப் பக்கத்து உப்புத் தண்ணீர் காய்ந்தால் நெகட்டிவில் வெள்ளைத் திட்டு நிற்கும். தீர்ந்துபோன ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பழைய எக்ஸ்ரே பிலிமை எடைக்கு வாங்குகிறவர்கள் தேடுவது எதுவோ, அந்த வெள்ளிதான் அதிலும் கரைந்திருக்கிறது.

அலமாரி ஆல்பத்துக்கு வருகிறேன். 1960-களின் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம் பல வீடுகளில் இன்றும் தெளிவாக இருக்கிறது. 1980-களில் எடுத்த கலர் ஆல்பம் சிவந்து கிடக்கிறது. பச்சைப் பட்டுப்புடவை பழுப்பாகிவிட்டது. முன்னதில் வெள்ளி, பின்னதில் சாயம். அந்தக் காலத் தாள்களில் சியான் சாயம் முதலில் வெளிறிப் போக, மிச்சமிருக்கும் சிவப்பு மேலோங்கும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்துகின்றன. இதே ஈரம் கறுப்பு வெள்ளையையும் விடுவதில்லை, ஜெலட்டின் பூஞ்சைக்கு விருந்து. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரைப் புரட்டியபோது நனைந்த ஆல்பங்கள் பல, வெயிலில் அப்படியே உலர்த்தப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாயின. நனைந்த நெகட்டிவைக் காய விடாமல் குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் போட்டு வைத்து, ஓரிரு நாளுக்குள் மெல்லப் பிரித்து அலசித் தொங்கவிட வேண்டும். கலரை முதலில் பார்க்க வேண்டும், அதுதான் சீக்கிரம் கெடும்.

வாங்கிய புது ரோலைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்ததும் பிரிக்காமல் இரண்டு மணி நேரம் வெளியே விட்டால் பிலிம்மேல் வியர்க்காது. கத்திரியில் கலரும், கார்த்திகைக்குப் பிறகு கறுப்பு வெள்ளையும் எடுப்பது என் வழக்கமாகிவிட்டது. மார்கழித் தேரன்று எடுத்த ரோலை மறுநாள் விடியற்காலை 5 மணிக்குக் கழுவுவேன். அப்போது மாடித் தொட்டித் தண்ணீர் 24 டிகிரிதான் இருக்கும். ஐஸ் வேண்டாம், வெந்நீர் வேண்டாம், ஐடி-11 ஒன்றுக்கு ஒன்று, 9 நிமிடம்.