ஒரு மணி நேரப் பிரயாணம்

பீன்யா தொழிற்பேட்டையை அண்டி வாழும் நம்மவர் இல்லங்களில், நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தால் நெஞ்சு பதைக்கிறது. ஊரில் பெரியவர் எவருக்கேனும் உடல்நலம் குன்றிய செய்தியாகவோ, அதனினும் துயரமான செய்தியாகவோ இருக்கலாம். உடனே எழும் பேச்சு, "கடன் வாங்கியாவது விமானத்தில் போய்விடுவோம், சென்னைக்கு ஒரு மணி நேரந்தானே!" என்பதே. அந்த ஒரு மணி நேரத்தைச் சற்றே நிதானமாகக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

தேவனஹள்ளி விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 270 கிலோமீட்டர். பயணச்சீட்டில் காணும் ஒரு மணி நேரம் அவ்விரு நிலையங்களுக்கும் இடைப்பட்டதே. நம் வாசலுக்கும் பெற்றோர் வாசலுக்கும் இடைப்பட்டதன்று.

முன்னாளில் பெங்களூரின் பிரயாணிகள் விமானங்கள், நகரின் கிழக்கே ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை ஒட்டிய நிலையத்திலிருந்து புறப்பட்டன. 1940-ல் நிறுவப்பெற்ற அத்தொழிற்சாலையைச் சுற்றி நகரம் நெருங்கி வளர்ந்தது. 2008 மே 24 முதல் அவ்விமானங்கள் வடக்கே தேவனஹள்ளிக்கு மாறின. பழைய நிலையத்திலிருந்து புதியதற்குச் சாலைவழியே சுமார் 40 கிலோமீட்டர். பீன்யாவாசிகளுக்குப் பழையது ஏறக்குறைய 20 கிலோமீட்டர், புதியது 35. வானத்தில் தூரம் பெரிதாக மாறவில்லை, தரையில்தான் நீண்டது.

கொரகுண்டேபாளையா வழியே ஹெப்பாளை அடைந்து பள்ளாரி சாலையில் செல்ல, விடியற்காலையில் ஒரு மணி நேரம் போதும். மாலை நெரிசலில் இரண்டும் ஆகலாம். நிலையத்தில் இரண்டு மணி நேரம் முன்னதாக இருத்தல் நலம். பறக்க ஒரு மணி. இறங்கிப் பெட்டிகளைப் பெற்று வெளிவர அரை மணி. ஆக, நாலரை மணியிலிருந்து ஐந்தரை மணி வரை ஆகிறது.

ரயில் கணக்கையும் பார்ப்போம். பீன்யாவில் மெட்ரோ ஏறினால் அரைமணியளவில் மெஜஸ்டிக் சேரலாம். அங்கிருந்து, 2022 நவம்பர் 11-ல் தொடங்கிய மைசூரு–சென்னை வந்தே பாரத் ரயில் சுமார் நாலரை மணி நேரத்தில் சென்ட்ரலில் சேர்க்கிறது. காத்திருக்கும் நேரத்தைச் சேர்த்தாலும் விமானத்துக்கு அதிகம் பின்தங்குவதில்லை.

இதனால் விமானமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மதுரைக்கு நேர்கோட்டில் சுமார் 375 கிலோமீட்டர். விரைவு ரயிலிலேயே எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. விமானமோ, பறக்கும் நேரம் சற்றே கூடினாலும், மற்றவை அப்படியே இருப்பதால், இரண்டு மூன்று மணி நேரத்தை மீட்டுத் தருகிறது. தூரம் கூடக் கூடத்தான் விமானத்தின் பயன் கூடுகிறது. சென்னை செல்வோருக்கும், ரயில் புறப்படும் வேளை பொருந்தாதபோது விமானமே கைகொடுக்கும்.

ஆகவே, துயரச் செய்தி வந்த வேளையில், "விமானம் எத்தனை மணி நேரம் பறக்கும்?" என்று கேளாமல், "இப்போது புறப்பட்டால் எத்தனை மணிக்கு வீடு சேருவோம்?" என்று கேட்போமாக. தேவனஹள்ளியில் இரண்டாம் முனையம் 2022-ல் திறக்கப்பட்டதால், எந்த முனையம் என்பதையும் சீட்டில் பார்த்துக்கொள்வது அவசியம்.

கடைசி முறை முகம் பார்க்க விரையும் மகனுக்கு ஒவ்வொரு நாழிகையும் அரிது. கடன் வாங்கிய காசும் அவ்வாறே அரிது. இரண்டையும் வீணாக்காதிருக்க, இக்கணக்கை அமைதியான ஒரு நாளில் குடும்பத்தோடு அமர்ந்து போட்டு வைத்துக்கொள்வது நன்று.