தோட்ட மண்ணும் கொளுக்கிப்புழுவும்

நோய்க்குக் காரணம் புழுவெனினும், அப்புழுவை வாழவைப்பது சூழலேயாம். சப்பிரகமுவவின் இறப்பர்த் தோட்டங்கள் இதற்குத் தக்க சான்றாகும். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. மனித மலத்துடன் நிலத்தை அடையும் கொளுக்கிப்புழுவின் முட்டைகள், ஈரமும் வெப்பமும் நிழலும் ஒருங்கமைந்த மண்ணிற் பொரித்துக் குடம்பிகளாகின்றன. வெயிலில் உலர்ந்த நிலத்திலோ விரைவில் மடிகின்றன. அக்குடம்பிகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து, குருதிவழியே சுவாசப்பையை அடைந்து, பின் தொண்டைக்கு ஏறி விழுங்கப்பட்டு, சிறுகுடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். சோகையால் தளர்ந்த தொழிலாளியைச் சோம்பேறியெனப் பழித்தல் அறியாமையே. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு இலங்கைத் தோட்டங்களிலே தொடங்கிய இயக்கம் மருந்தளித்தது. எனினும் மலசலகூடம் இல்லாவிடத்து, குணமடைந்தவனை அதே மண் மீண்டும் பற்றும். மழையையும் மரநிழலையும் மாற்றவியலாது; மலசலகூடமும் காலணியும் அளித்தல் இயலும்.