பெயரை மட்டும் நம்பலாமா?

தில்லி அரசு 2019 டிசம்பரில் பேருந்து நிறுத்தங்களில் இலவச வைஃபை வசதியைத் தொடங்கியது. 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டத்தின்கீழ், சிறு கடைக்காரரும் உரிமம் பெறாமலேயே பொது வைஃபை வழங்க இயலும்.

வசதி பெரிது, எனினும் ஒரு வேறுபாட்டை வாடிக்கையாளர்கள் அறிந்திருத்தல் நலம். 4ஜி இணைப்பில் சிம் அட்டையும் தொலைபேசி நிறுவனத்தின் கட்டமைப்பும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்கின்றன. கடவுச்சொல் இல்லாத வைஃபையையோ கைப்பேசி பெயரைக் கொண்டே அறிகிறது. அப்பெயரை எவரும் சூட்டிக்கொள்ளலாம். முன்பு இணைந்த பெயரெனில் கைப்பேசி தானாகவே இணைந்துவிடவும் கூடும். பின்னர் தோன்றும் போலிப் பக்கம் அட்டை எண்ணைக் கேட்கலாம். வைஃபை நுழைவுக்கான ஓடிபி வேறு, வங்கி அனுப்பும் ஓடிபி வேறு என்பதை மறவாதீர்கள்.

செய்தி வாசிக்கப் பொது வைஃபை போதும். பணம் அனுப்பும்போது அதனை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவைப் பயன்படுத்துங்கள். பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவியுங்கள்.