பாட்டு யார் பெயரில்?



இசைக் கலைஞருக்கும் மேலாளருக்கும் உள்ள உறவைப் பேசும்போது, கமிஷன் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறோம். பாட்டு யார் பெயரில் பதிவானது என்று கேட்க மறந்துவிடுகிறோம். அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் அனுபவம் இந்த இரண்டாவது கேள்வியின் கனத்தை உணர்த்தும்.

1926இல் இர்விங் மில்ஸ் என்ற வெள்ளை இசைப் பதிப்பாளர் எலிங்டனின் மேலாளரானார். அவர் செய்த வேலை சிறிதல்ல. 1927 டிசம்பரில் எலிங்டன் குழு ஹார்லெமின் காட்டன் கிளப்பில் வாசிக்கத் தொடங்கியது. அங்கிருந்து போன வானொலி ஒலிபரப்பு அவரை நாடறியச் செய்தது. மேடையில் கறுப்பர், இருக்கைகளில் வெள்ளையர் என்பது அந்தக் கிளப்பின் வழக்கம். தென்மாநிலங்களில் கறுப்பருக்கு நல்ல விடுதிகளில் இடமில்லை. அதனால் குழு தனி ரயில் பெட்டிகளில் பயணம் செய்து அவற்றிலேயே தங்கியது. கறுப்புக் கலைஞருக்கு மூடியிருந்த கதவுகள் வெள்ளை மேலாளருக்குத் திறந்தன. நிறவெறி இல்லையென்றால் அந்த இடைத்தரகுக்கு அவ்வளவு விலை இருந்திருக்காது.

விலை என்ன? இருவரும் சேர்ந்து நடத்திய நிறுவனத்தில் மில்ஸுக்கு 45 சதவீதம், எலிங்டனுக்கு 45, வழக்கறிஞருக்கு 10. பாடல்களை வெளியிட்டதும் மில்ஸின் பதிப்பகமே. 1930இல் வந்த ‘மூட் இண்டிகோ’ உள்ளிட்ட பல பாடல்களில் அவர் பெயரும் படைப்பாளராக ஏறியது. கமிஷன் ஒப்பந்தத்தோடு முடிந்துவிடும். படைப்பாளர் பங்கோ பதிப்புரிமைக் காலம் முடியும்வரை வந்துகொண்டிருக்கும். 1939இல் எலிங்டன் விலகியபோது பழைய பாடல்களின் உரிமை அவரோடு வரவில்லை. 1941இல் டெம்போ மியூசிக் என்ற சொந்தப் பதிப்பகம் தொடங்கினார்.

இதற்குள் இன்னொரு அடுக்கும் உண்டு. ‘மூட் இண்டிகோ’ மெட்டில் பங்குள்ளவர் குழுவின் கிளாரினெட் கலைஞர் பார்னி பிகார்ட். தன் ராயல்டிக்காக அவர் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. மேலே பங்கை இழந்தவரின் குழுவுக்குள்ளேயே கீழிருந்தவர் பங்கும் விடுபட்டது. படிநிலை எப்படி இயங்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேலாளரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேடை பிடிக்கவும் கணக்குப் பார்க்கவும் ஆள் தேவை. ஆனால் கையெழுத்துப் போடுமுன் மூன்றைக் கேளுங்கள்: பதிவில் யார் பெயர்? பிரிந்த பிறகு உரிமை யாரிடம்? மெட்டுத் தந்த சக கலைஞருக்கு என்ன பங்கு? பதிலை வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள்.