சிரட்டைக்கரியும் காபனீரொட்சைட்டும்

உங்கள் வீட்டில் தண்ணீர் வடிகட்டும் ஜக் இருக்கிறதா? சில நேரம் அதிலிருந்து கறுப்புத் துகள் தண்ணியில விழும். பயப்பட வேண்டாம், அது கரிதான். பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையில் செய்த கரி. அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கோ. ஊரில் சிரட்டைக்கரி போட்ட அயன் பெட்டியால்தான் அந்தக் காலத்தில் உடுப்பு அயன் பண்ணினவை.

இலங்கையிலிருந்து இந்தக் கரி இப்போதும் பல நாடுகளுக்குக் கப்பலில் போகிறது. ஹேகாப் என்ற நிறுவனம் இதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது. சிரட்டையைக் காற்று அதிகம் படாமல் சுட்டால் கரி வரும். பிறகு, ஏறக்குறைய 900 பாகைச் சூட்டில் அதற்குள் நீராவியை விடுவார்கள். நீராவி கரியை அரித்து அரித்து, கண்ணுக்குத் தெரியாத துளைகளை உண்டாக்கும். எவ்வளவு துளை தெரியுமா? ஒரு கிராம் கரியின் துளைச் சுவர்களை எல்லாம் விரித்தால் 1000 சதுர மீற்றர் வரும். ஐஸ் ஹாக்கித் தளத்தில் பாதிக்கும் மேல்! ஒரு கிராம் என்றால் ஒரு பேப்பர் கிளிப்பின் நிறைதான்.

சரி, இதுக்கும் காபனீரொட்சைட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்ரௌவ்வில்லில் குளிர்காலம் வந்தால் வீட்டு ஃபேர்னஸ் எரிவாயுவை எரிக்கும். அப்போது காபனீரொட்சைட்டு வெளியே போகும். சிமெந்து ஆலைகளிலிருந்து இன்னும் நிறையப் போகும். இந்த வாயு ஒரு போர்வை மாதிரிப் பூமியின் சூட்டைப் பிடித்து வைக்கும். அது கூடக்கூடப் பூமியும் சூடாகும். அதனால் புகையிலேயே அதைப் பிடித்துவிட விஞ்ஞானிகள் முயல்கிறார்கள்.

புகை கரிக்குள் போகும்போது, காபனீரொட்சைட்டு துளைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். துளை மிகமிகச் சின்னதாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்குங்கள். அதில் ஒரு பங்கைவிடக் குறைந்த அகலம்தான் நல்லது.

கரி இந்த வாயுவை இறுக்கிப் பிடிக்காது. எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். கொஞ்சம் சூடாக்கினால் விட்டுவிடும். வாயுவைச் சேர்த்து நிலத்துக்குள் ஆழமாக அடைக்கலாம், கரியைத் திரும்பவும் பாவிக்கலாம். சஸ்கச்சுவானில் ஒரு மின் நிலையம் 2014இல் ஒருவகைத் திரவத்தால் இதே வாயுவைப் பிடிக்கத் தொடங்கியது. அந்தத் திரவமோ இறுக்கிப் பிடிக்கும். விடுவிக்க நிறையச் சூடு வேணும்.

ஆனால், மெல்லப் பிடிக்கிறதில கரைச்சலும் இருக்கு. ஆலைப் புகை சூடானது, ஈரமானது. சூட்டில் கரியின் பிடி தளரும். நீராவியும் துளைக்குள் புகுந்து இடம் பிடிக்கும். ஆகவே புகையை முதலில் ஆற்றி, ஈரத்தை எடுக்க வேண்டும். வெளிக்காற்றில் பிடிப்பது இன்னும் கஷ்டம். அங்கே 10,000 மூலக்கூறுகளில் நாலுதான் காபனீரொட்சைட்டு.

இதற்காகத்தான் கரியில் நைதரசன் சேர்த்துப் பார்க்கிறார்கள். சிரட்டை மட்டுமில்லை, நெல் உமியிலும் மரத்தூளிலும் கரி செய்து சோதிக்கிறார்கள்.