கண்டிக்கும் உறவுள்ள ஒரு ஜாஸ் இசைத்தட்டு

ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேகரிப்பவர்கள் விரும்பித் தேடும் தட்டுகளில் ஒன்று, அலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜேர்னி இன் சச்சிதானந்தா’ (1971). தலைப்பில் உள்ள சுவாமி சச்சிதானந்தர் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழர். 1950களில் இலங்கைக்கு வந்து, திருகோணமலையிலும் கண்டியிலும் ஆச்சிரமம் நடத்தி, 1966இல் நியூயோர்க் சென்றவர். கணவர் ஜோன் கோல்ட்ரேனை 1967இல் இழந்து துயரத்தில் இருந்த அலிஸ், பின்னர் அவரைக் குருவாக ஏற்றார்.

ஃப்ரீ ஜாஸ் வெறும் இரைச்சல் என்று ஒதுக்கும் நண்பர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான். முன்கூட்டியே வகுத்த சுர அடுக்குக்கும் தாளக்கட்டுக்கும் கட்டுப்படாமல் அந்தந்தக் கணத்தில் வாசிப்பதே ஃப்ரீ ஜாஸ். இந்தத் தட்டு அதற்கு நல்ல வாசல். முதல் உருப்படியில் தம்புரா சுருதி பிடிக்க, பேஸ் ஒரே சிறு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. இவ்விரண்டையும் காதில் பிடித்துக்கொண்டால், மேலே அலையும் அலிஸின் ஹார்ப்பும் ஃபரோ சாண்டர்ஸின் சாக்ஸஃபோனும் குழப்பாது. ஆலாபனை கேட்டுப் பழகியவர்களுக்கு இது அந்நியமல்ல.

சேகரிப்பாளர்கள் முதல் பதிப்பின் விலையைப் பேசட்டும். கண்டியில் நமக்கு வேறொரு வேலை இருக்கிறது: அந்தச் சுவாமியை இங்கே நேரில் கண்ட முதியவர்கள் இருக்கும்போதே, அவர்களின் நினைவுகளைக் கேட்டு எழுதிவைப்பது.